எழுத்து இப்போது, தாலி தையில்: செய்யலாமா? (கரவெட்டி – வவுனியா)

வடமராட்சி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. நான் நெல்லியடிக்குக் கிட்ட, கரவெட்டிப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறேன். அவர் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில், ஆனால் மூன்று வருடமாக வவுனியாவில் அறை எடுத்திருந்து வேலை செய்கிறார். போன மார்கழியில் அவருடைய அம்மா தவறிவிட்டார். ஆட்டத்திவசம் (ஒரு வருடத் திவசம்) முடியாமல் தாலி கட்டுவதில்லை என்று இரண்டு வீட்டிலும் ஒரே முடிவு, அதனால் தையில்தான் நாள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எழுத்தை, அதாவது விவாகப் பதிவை மட்டும் இந்த ஆனியிலேயே வீட்டோடு வைத்து முடித்துவிடலாம் என்று அவர் பக்கம் கேட்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் நான்தான். நான் ஆசிரியை, வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்க விவாகச் சான்றிதழ் கையில் இருந்தால் வலயக் கல்விப் பணிமனையில் என் விண்ணப்பத்துக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

எனக்கு மூன்று விஷயம் விளங்கவில்லை. பதிவுக்கு முன் கொடுக்கும் விவாக அறிவித்தலை இங்கே கொடுப்பதா, வவுனியாவிலா? அவருடைய அடையாள அட்டையில் இன்னும் கிளிநொச்சி விலாசம்தான் இருக்கிறது, அது பிரச்சினையா? அடுத்தது, என் பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் "ழ" வரவேண்டிய இடத்தில் "ள" என்று இருக்கிறது, அடையாள அட்டையில் சரியாக "ழ". இவ்வளவு காலமும் இதை யாரும் கேட்டதில்லை, இப்போது கேட்பார்களா?

மூன்றாவது அம்மாவின் பயம். எழுதிப்போட்டு ஏழு மாதம் அவரவர் வீட்டில் இருப்பதா, ஊர் என்ன சொல்லும், இடையில் ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று இரவில் நித்திரை இல்லாமல் இருக்கிறா. நான் என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பழைய கந்தோர்:

பிள்ளை, நான் பிரதேச செயலகத்தில் பதிவுப் பகுதியில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஆறுதலாக வாசி.

உங்கள் இருவருக்கும் பொருந்துவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். நீங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு பதிவாளர் பிரிவில் இருப்பதால் இரண்டு அறிவித்தல் வேண்டும். நீ உன் பிரிவின் விவாகப் பதிவாளரிடம், அவர் வவுனியாவில் தான் இருக்கும் பிரிவின் பதிவாளரிடம். அடையாள அட்டை விலாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அறிவித்தல் கொடுக்கும் நாளுக்கு முன் 10 நாளாவது அந்தப் பிரிவில் வசித்திருக்கிறாரா என்பதுதான் சட்டத்தின் கேள்வி, அவர் மூன்று வருடமாக அங்கே இருக்கிறார். ஆனால் வாயால் சொன்னால் போதாது, அறை இருக்கும் இடத்து விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வதிவிடச் சான்றிதழ் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். அறை எடுத்து இருக்கும் பெடியள் பலர் விதானையாரைக் கண்டதே இல்லை, பதிவிலும் இருக்க மாட்டார்கள், அங்கேதான் நாள் போகும். ஆகவே அந்த அலுவலை முதலில் தொடங்கச் சொல்.

அறிவித்தல் புத்தகத்தில் பதிந்து 12 நாள் கழிந்த பிறகுதான் பதிவாளர் அத்தாட்சிப் பத்திரம் தருவார். அந்த நாட்களுக்குள் யாருக்காவது சட்டப்படி ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. வவுனியாப் பத்திரத்தை அவர் கையோடு கொண்டுவர வேண்டும், அது இல்லாமல் இங்கே பதிவாளர் பேனையைத் தொட மாட்டார். அறிவித்தல் பதிந்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள் எழுத்து நடக்க வேண்டும், தவறினால் திரும்பவும் முதலில் இருந்து. இரண்டு அறிவித்தலையும் கிட்டத்தட்ட ஒரே கிழமையில் கொடுத்தால் கணக்குப் பிழைக்காது.

12 நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு மாவட்டப் பதிவாளர் விசேட அனுமதிப்பத்திரம் கொடுப்பார், அதற்குக் கட்டணம் கூட. உனக்கு அது தேவை இல்லை, நாள் இருக்கிறது. ஆனால் வேறு ஒரு அனுமதி தேவை. பதிவாளரின் கந்தோரை விட்டு உங்கள் வீட்டில் வைத்து எழுதுவதென்றால் அதற்குத் தனியே அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் இருப்பார், அவரிடம் கேள். நாள் வைக்கும்போது நேரத்தையும் பார். சாத்திரியார் விடியப்புறம் 4 மணிக்கு நல்ல நேரம் என்று எழுதித் தருவார், எழுத்துக்குச் சட்டம் தரும் நேரம் காலை 6 முதல் மாலை 6 வரைதான். சாட்சிக்கு இருவர், அடையாள அட்டையோடு. இரு பக்கத்திலும் ஒவ்வொரு மாமா வந்தால் சரி.

இனி அந்த "ழ". இதை லேசாக எடுக்காதே. இவ்வளவு காலமும் யாரும் கேட்கவில்லை என்பது உண்மை, ஆனால் விவாகச் சான்றிதழ் என்பது பிறகு உன் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, கடவுச்சீட்டு, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் அடியில் போய் நிற்கும் கடதாசி. அதில் ஒரு எழுத்துப் பிழைத்தால் பிழை இனம் பெருகும். முதலில் ஒன்று செய். உன்னிடம் இருப்பது எப்போது எடுத்த பிரதி? பிழை மூலப் பதிவேட்டில் இருக்கிறதா, பிரதி எழுதியவரின் கையில் நடந்ததா என்று பார்க்க வேண்டும். புதிதாக ஒரு அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பி, விண்ணப்பத்திலேயே மூலப் பதிவை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டு எழுது. பிழை பதிவேட்டிலேயே இருந்தால் திருத்தத்துக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும், அது மாதக் கணக்கு எடுக்கலாம். அப்போதும் எழுத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவை பதிவாளரோடு இருந்து பேசி எடு, அன்றைக்கு மணவறையில் வைத்து அல்ல.

வலிகாமப் பெடியன்:

ஐயா சொன்ன 3 மாதக் கணக்கில் நான் அடிபட்டேன், அதனால் எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிரிவு, அறிவித்தல் கொடுத்துப் பத்திரமும் எடுத்து மண்டபமும் பிடித்தாயிற்று. எழுத்துக்கு எட்டு நாள் இருக்க என் பெரியப்பா தவறிவிட்டார். துடக்கு, அந்தியேட்டி எல்லாம் முடித்து அடுத்த நாள் பார்க்க ஆடி வந்துவிட்டது, ஆடியில் வைக்க மாட்டோம் என்றார்கள், ஆவணிக்குத் தள்ளினோம். பத்திரம் கையில் இருக்கிறதுதானே என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். எழுத்துக்கு முதல் நாள் பதிவாளருக்குப் போன் எடுத்தால் "தம்பி, இது காலாவதியாகி 5 நாள்" என்கிறார். மண்டபத்துக்குச் சொல்லி, ஐயருக்குச் சொல்லி, கொழும்பில் இருந்து வெளிக்கிட்ட ஆட்களுக்குச் சொல்லி... கடைசியில் விசேட அனுமதிப்பத்திரத்துக்கு ஓடித்தான் காரியம் ஒப்பேறியது. அந்த ஒரு நாளில் என் அப்பாவின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆகவே, அக்கா, பத்திரம் கிடைத்த அன்றே கலண்டரில் கடைசி நாளைச் சிவப்பால் வட்டம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து எழுதுவதற்கு ஒருவர் எங்களிடம் சொன்ன தொகைக்கும் அரச கட்டணத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. பற்றுச்சீட்டு கேட்டபிறகுதான் சரியான தொகைக்கு வந்தார். போக்குவரத்துக்கு மனதாரக் கொடுப்பது வேறு. ஆனால் எது கட்டணம், எது உங்கள் விருப்பம் என்று முதலே கேட்டு வையுங்கள், நல்ல நாளில் வாசலில் வைத்து வாக்குவாதம் வேண்டாம்.

சாவகச்சேரி அக்கா:

தங்கச்சி, உன் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை யாரும் இங்கே எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் எழுத்தை ஏதோ நிச்சயதார்த்தம் மாதிரி நினைக்கிறார்கள். பிடித்து வைப்பதற்கு எழுதி வைப்பது, தாலிக்குப் பிறகுதான் கலியாணம் என்று. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ஒப்பம் வைக்க முன் பதிவாளர் உங்களைப் பார்த்து ஒரு வாசகம் வாசிப்பார், பெரும்பாலும் படப்பிடிப்புக்காரரின் சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழுவதில்லை. வேறு எந்தச் சடங்கும் நடக்காவிட்டாலும் நீங்கள் இப்போது சட்டப்படி கணவன் மனைவி, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் இது முறியாது, அப்படி முறியாமல் இன்னொரு கலியாணம் செய்தால் குற்றம் என்ற பொருளில் இருக்கும். அதுதான் கலியாணம். தாலி அதற்குப் பிறகு வருவது.

என் தங்கைக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை. வந்து எழுதிவிட்டு, விசா அலுவல் முடிந்ததும் தாலி என்று போனார். ஒரு வருடத்தில் போன் குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. தாலி கட்டவில்லை, ஒரு நாள் ஒன்றாக இருக்கவில்லை, ஆனால் அவள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்த அன்றே முடிந்துவிடும் என்று நினைத்தோம், இல்லை, முதலில் நிபந்தனைத் தீர்ப்பு, அது முற்றாக ஆவதற்கு இன்னும் குறைந்தது 3 மாதம். பிறகு அவளுக்கு நல்ல இடத்தில் சரி வந்தபோது, அறிவித்தல் படிவத்தில் "விவாகரத்துப் பெற்றவர்" என்று எழுதி, முற்றான தீர்ப்பின் பிரதியையும் இணைத்துக் கொடுத்தாள். அதை எழுதும்போது அவளுடைய கை நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உன் விஷயம் அப்படி என்று சொல்லவில்லை. அவர் வவுனியாவில், சில மணித்தியாலப் பயண தூரத்தில் இருக்கிறார், காரணமும் நேர்மையான காரணம். நான் கேட்பது ஒன்றுதான். இடமாற்றத்துக்காக எழுதுகிறாயா, அவரோடு வாழ எழுதுகிறாயா? இரண்டாவது என்றால் இன்றைக்கே எழுது.

அம்மாவிடம் இன்னொன்றையும் கேள், உனக்குச் சீதனமாகக் காணியோ வீடோ எழுதுகிறார்களா? எழுதினால் அந்தக் காணி உறுதிப் பத்திரத்திலும் இதே பெயர்ச் சிக்கல் வரும். எங்களுக்குத் தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழக்கச் சொத்துச் சட்டம் பொருந்தும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கலியாணம் செய்த பெண் தன் சொந்தக் காணியைக்கூட விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நீ ஆனியில் எழுதினால் ஆனியில் இருந்தே நீ கலியாணமான பெண். தைக்குப் பிறகுதானே என்று நினைத்துக் காணி அலுவல் எதையும் இடையில் வைத்துக்கொள்ளாதே.

வன்னி மண்:

நான் இதுவரை இங்கே எதுவும் எழுதியதில்லை. சாவகச்சேரி அக்கா சொன்னது சரி, ஆனால் மற்றப் பக்கமும் ஒன்று இருக்கிறது.

எங்களுக்கு 2008இல் கலியாணம் நடந்தது. இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், ஒரு கோயிலில், ஐயர் இருந்தார், மஞ்சள் கயிற்றில் தாலி, பத்துப் பதினைந்து சனம். எழுதவில்லை. பதிவாளரும் எங்களைப் போல ஓடிக்கொண்டுதான் இருந்தார், எங்கே போய்த் தேடுவது. நிலைமை சரி வந்ததும் எழுதுவோம் என்று அவர் சொன்னார். 2009 வைகாசிக்குப் பிறகு அவரைக் காணவில்லை. அப்போது எனக்கு ஐந்து மாதம்.

பிள்ளை பிறந்து பதியப் போனேன். படிவத்தில் ஒரு கூடு இருந்தது, பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று. விவாகச் சான்றிதழ் கேட்டார்கள், இல்லை என்றேன். "இல்லை" என்று எழுதினார்கள். அவர் மேல் பிழை இல்லை, எழுதியவர் மேலும் இல்லை, ஆனால் அந்தச் சொல்லை என் மகன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன கடதாசியில் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு காணாமற்போனவருக்காக எங்கே போய் முறையிட்டாலும் முதல் கேள்வி, நீங்கள் அவருக்கு என்ன உறவு, ஆதாரம் என்ன. வழக்கப்படி நடந்த கலியாணமும் சட்டத்தில் கலியாணம்தான் என்று சட்டத்தரணி சொன்னார். சரி, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நான்தான். கலியாணம் செய்து வைத்த ஐயரைத் தேடினேன், அவரும் உயிரோடு இல்லை. தாலி கட்டும்போது பக்கத்தில் நின்ற இரண்டு பேரைக் கண்டுபிடித்து, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்க எனக்கு நான்கு வருடம் எடுத்தது.

ரீச்சர், சண்டை இல்லாத காலத்தில், பதிவாளர் கந்தோர் திறந்திருக்கும்போது, இரண்டு வீடும் சம்மதித்து நிற்கும்போது எழுதக் கிடைப்பது பெரிய விஷயம். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வடமராட்சி ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வன்னி மண் அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். வாசித்து முடித்தபிறகு அவ கன நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து தன்னுடைய விவாகச் சான்றிதழைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினா. 1995 இடப்பெயர்வில் வெளிக்கிட்டபோது நகைப் பையோடு இதையும் சேலைக்குள் கட்டிக்கொண்டு போனதாம், இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.

சாவகச்சேரி அக்கா, நீங்கள் கேட்ட கேள்வியை நான் அவரிடமே போனில் கேட்டேன். இடமாற்றம் வராவிட்டாலும் எழுதுவோமா என்று. "வராவிட்டால் நான் ஒவ்வொரு வெள்ளியும் பஸ் ஏறுகிறேன்" என்றார். எனக்கு அது போதும். அம்மாவும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்துவிட்டா, எழுத்தன்று இரு பக்கத்திலும் பெரியவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும், ஒளித்துச் செய்வது போல இருக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று.

காணி அலுவலையும் கேட்டேன் அக்கா. அப்பா எனக்கு எழுத இருக்கும் துண்டுக்கு நொத்தாரிசிடம் இன்னும் போகவில்லையாம், பெயர் சரி வந்த பிறகே போவதென்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஐயா, ஒரு கேள்வி. பெயர் விஷயத்தில் புதுப் பிரதிக்கு நான் பிறந்த இடத்துக்கே போக வேண்டுமா? நான் பிறந்தது மந்திகை ஆஸ்பத்திரியில், அது பருத்தித்துறைப் பிரிவு என்கிறார்கள்.

பழைய கந்தோர்:

கணினியில் ஏற்றிய பதிவு என்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம், ஆனால் உனக்கு வேண்டியது பிரதி மட்டும் இல்லை, மூலப் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்வது. அதனால் பருத்தித்துறைக்கே போ. காலையில் வேளைக்குப் போ, பிறப்புப் பதிவு இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் தேடுகிறவருக்கு அரைவாசி வேலை குறையும். உன் பழைய பிரதி, அடையாள அட்டை, இரண்டினதும் போட்டோக்கொப்பி. கோபப்படாமல் கேள், அங்கே இருக்கும் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை பதிவேடு தூக்கி இறக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எழுத்து முடிந்து ஒப்பம் வைக்க முன், பதிவில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயரையும் நீயே வாசி. உன் பெயர், அவர் பெயர், இரண்டு தகப்பன்மாரின் பெயர், பிறந்த திகதி. வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டு ஒப்பம் வைக்காதே. நான் கண்ட பிழைகளில் அரைவாசி அந்த வெட்கத்தில் போனவை.

வடமராட்சி ரீச்சர்:

இன்று பருத்தித்துறைக்குப் போய் வந்தேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஐயா, மூலப் பதிவில் "ழ"தான். அப்பாவே சொல்லிக்கொடுத்து எழுதுவித்த பெயராம், பக்கத்தில் அவருடைய ஒப்பமும் இருக்கிறது. பிரதி எழுதிய கை அதை "ள" ஆக்கியிருக்கிறது. புதுப் பிரதி சரியாகக் கையில் வந்துவிட்டது.

நாளை காலை எங்கள் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கிறேன், அவர் விதானையாரிடம் கடிதம் எடுத்துவிட்டார், வியாழக்கிழமை வவுனியாவில் கொடுப்பார். எழுத்து ஆனி கடைசியில், காலை 9 மணிக்கு, எங்கள் வீட்டு விறாந்தையில். வீட்டு அனுமதிக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்திருக்கிறேன், அப்பா இப்போது மேசையில் இருந்து அதை நிரப்பிக்கொண்டிருக்கிறார்.